பத்தடி தூரத்துப் பெட்டி

என் உரக்கடைக்கு நேர் எதிரே துணை சுகாதார நிலையம். அதன் வாசல் சுவரில், நெஞ்சு உயரத்தில், நீலப் பெயிண்ட் அடித்த ஒரு மரப்பெட்டி தொங்கும். கை நுழைகிற அளவுக்கு ஒரு திறப்பு. ஆணுறை வேண்டியவர்கள் யாரையும் கேட்காமல் எடுத்துக்கொள்ளலாம். அது அரசாங்கத்தின் ஏற்பாடு. எதிரே நான் உட்கார்ந்திருப்பேன் என்பது அரசாங்கத்துக்குத் தெரியாது.

எங்கள் ஊர் கோம்பையில் அப்போது என் வாய்க்கு நல்ல மவுசு. மலைமேல் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப் டிரைவர் ஒருவர் ஒருநாள் பெட்டிக்குள் கையை விட்டார். "ஏலே மாப்ள, ரேசன் கார்டு கொண்டாந்தியா? ஆளுக்கு இம்புட்டுதான்டோய்!" என்று கல்லாவில் இருந்தபடியே கத்தினேன். பக்கத்து டீக்கடை பெஞ்சு மொத்தமும் சிரித்தது. அவர் எடுத்ததை உள்ளேயே போட்டுவிட்டு ஜீப்பைக் கிளப்பினார். அதற்குப் பிறகு யார் அந்தச் சுவர்ப்பக்கம் ஒதுங்கினாலும் என் வர்ணனை தொடங்கிவிடும். நர்சக்கா ஒருநாள் கடைப்படி ஏறி வந்து சொன்னார். "தம்பி, முன்னெல்லாம் மாசம் ஒருக்கா பொட்டிய நெரப்புவேன். இப்ப நெரப்புற வேலையே இல்ல. ஒங்க வாய்க்குப் பயந்து ஒருத்தரும் கைய வைக்க மாட்றாக." அதை நான் நற்சான்றிதழாக எடுத்துக்கொண்டு டீக்கடையிலும் போய்ச் சொன்னேன்.

அந்த வருடம்தான் எங்கள் இரண்டாவது மகன் பிறந்தான். மூத்தவனைப் போலவே இவனும் ஆபரேசன் செய்துதான். தையல் ஆறவே நாளானது. மூன்று வருடத்துக்கு இன்னொரு கர்ப்பம் கூடாது என்று தேனியில் டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். என் மனைவியும் மூன்று வருடம் கழித்து ஒரு பெண் பிள்ளை என்று மனதில் வைத்திருந்தாள். அதனால் மாத்திரை சாப்பிட்டாள். சாப்பிட்ட மூன்றாம் மாதமே மண்டையைப் பிளக்கும் தலைவலி, வாந்தி, கண் மங்கல். டாக்டரம்மா மாத்திரையை நிறுத்தச் சொன்னார். காப்பர்-டி வைத்துக்கொள்ள அவளுக்குப் பயம். ஏற்கெனவே மாதாமாதம் உதிரப்போக்கு அதிகம். நர்சக்காதான் வழி சொன்னார். "இந்த வாட்டி ஒன் ஒடம்புல ஒண்ணும் வேணாம் ஆத்தா. அவரு பாத்துக்கிடட்டும்."

அந்த அவர், அதாவது நான், எப்படிப் பார்த்துக்கொண்டார் என்று கேளுங்கள். எதிரே பத்தடியில் பெட்டி. ஊரில் இருந்த ஒரே மெடிக்கல் ஷாப் என் மனைவியின் சித்தப்பாவுடையது. ஆகவே அவர் பஸ் ஏறினார். கடைக்குக் கடை தெரிந்த முகமாக இருக்கும் கம்பத்தில் இறங்கி, அடுத்த பஸ் பிடித்து, மலையேறிக் குமுளிக்குப் போனார். அங்கே மருந்துக்கடைக்காரர் "எந்தா வேண்டே?" என்று மலையாளத்தில் என்ன வேண்டுமெனக் கேட்டதும், யாருக்கும் தன்னைத் தெரியாத ஊரில் நிமிர்ந்து நின்று வாங்கினார். துணிச்சலுக்குப் பேர்போன நாய்கள் எங்கள் ஊருடையவை. அந்தத் துணிச்சலில் எனக்குப் பங்கு வரவில்லை.

முதல் தடவை, கடைப் பழக்கத்தில் அட்டையைத் திருப்பி, பேட்ச் நம்பரையும் காலாவதித் தேதியையும் உரக்க வாசித்தேன். "ஏக்கருக்கு எவ்வளவுன்னு போட்டுருக்கா?" என்று கேட்டாள் அவள். கண்ணில் நீர் வரச் சிரித்தோம். என்னைவிட நன்றாக வேடிக்கை பேசக்கூடியவள் அவள், ஊருக்குத் தெரியாது. ஏழெட்டு மாதம் ஒழுங்காகவே போனது. அவளுக்குத் தலைவலி விட்டது, முகத்தில் பழைய களை வந்தது. குமுளிக்கு எதற்குப் போனாய் என்று யாராவது கேட்பார்களே என்று ஒவ்வொரு முறையும் ஏலக்காய் வாங்கி வந்தேன். எங்கள் வீட்டில் டீயில், பாயசத்தில், கடைசியில் ரசத்திலும் ஏலக்காய் மணத்தது.

ஐப்பசி மழையில் குமுளி மலைப்பாதையில் மண் சரிந்ததால் ரோட்டை அடைத்துவிட்டார்கள். வீட்டிலும் இருப்பு தீர்ந்திருந்தது.

"எதுத்தாப்புலதான இருக்கு. போயி எடுத்தாங்க" என்றாள்.

"பெஞ்சுல அம்புட்டுப் பேரும் உக்காந்துருக்காய்ங்க. என்னைய சும்மா விடுவாய்ங்களா?"

"அப்ப நான் போயி எடுத்தாரேன்."

"நீ எடுத்தா அதவிடக் கேவலம். நான் ஊருக்குள்ள தலை காட்டவா வேணாமா?"

"சரி. ரோடு தொறக்குற வரைக்கும் பேசாம இருங்க."

நான் பேசாமல் இருக்கிற ஆளா? மூன்றாம் நாள் மத்தியானம் மழை விடாமல் பெய்தது. கடைக்கு ஆள் வரவில்லை. பிள்ளைகள் அவளுடைய அம்மா வீட்டில். முதலில் சிரிக்காமல் "வேணாம்" என்றாள். நான் ஒன்று சொன்னேன். சிரித்துக்கொண்டே "வேணாம்" என்றாள். இன்னொன்று சொன்னேன். மூன்றாம் முறை வெறுமனே சிரித்தாள். என்ன சொல்லிச் சிரிக்க வைத்தேன் என்பது வார்த்தை பிசகாமல் நினைவிருக்கிறது. அதை இங்கே எழுதமாட்டேன்.

மார்கழியில் தேனிக்குப் போனோம். தையல் தாங்காது, கலைத்துவிடுவதுதான் நல்லது என்றார் டாக்டரம்மா. கேஸ் சீட்டில் எழுதிக்கொண்டே, "பாதுகாப்பு எதுவும் பயன்படுத்தலையா?" என்று கேட்டார்.

"பயன்படுத்துனோம் டாக்டர்" என்றாள் என் மனைவி. "ரோடு அடைச்சிருச்சு."

டாக்டரம்மாவுக்குப் புரியவில்லை. பேனாவை நிறுத்தி என்னைப் பார்த்தார். நான் சுவரிலிருந்த காலண்டரைப் பார்த்தேன். கலைத்தபோது ரத்தம் நிறையப் போனது. இரண்டு பாட்டில் ஏற்றினார்கள். அடுத்த நாள் டாக்டரம்மா என்னைத் தனியாக அழைக்காமல் அவள் முன்னாலேயே சொன்னார். இனி எப்போதும் கர்ப்பம் வேண்டாம். ஆணுக்குச் செய்கிற ஆபரேசன் சின்னது, அன்றைக்கே வீட்டுக்குப் போகலாம். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். கட்டிலில் படுத்திருந்தவள் கண்ணைத் திறக்காமல் சொன்னாள். "ஒடம்பு தேறுனதும் எனக்கே பண்ணிருங்க டாக்டர். அவுக யோசிச்சு முடிக்க நாளாகும்."

மாசி மாதம் அவளுக்கே செய்தார்கள். பெண் பிள்ளைப் பேச்சை அவள் பிறகு எடுக்கவில்லை. வீட்டில் மீந்திருந்த ஏலக்காயை டப்பாவோடு பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டாள். சண்டை போடவில்லை, கோபித்துக்கொண்டு தாய்வீடு போகவில்லை. என் வேடிக்கைக்குச் சிரிப்பதை மட்டும் நிறுத்திக்கொண்டாள். கடையில் நான் ஏதாவது சொல்லி நாலு பேர் சிரித்தால், கூட இருக்கும் அவள் பூச்சிமருந்து பாட்டிலின் லேபிளை வாசிக்கத் தொடங்குவாள். இப்போது சின்னவன் கல்லூரிக்குப் போகிறான். அந்த லேபிளை அவள் இன்னும் வாசித்து முடிக்கவில்லை.

மரப்பெட்டி போய் இப்போது பிளாஸ்டிக் பெட்டி. சுவர் அதேதான். போன வாரம் காலையில் புதிதாகக் கல்யாணமான ஒருவன் பைக்கை ஓரமாக நிறுத்தினான். பெட்டிப்பக்கம் போனான், கையை நீட்டினான், திரும்பி என்னைப் பார்த்தான். என் பழைய பேர் இன்னும் ஊரில் இருக்கிறது. பெஞ்சில் இரண்டு பேர் தலை தூக்கினார்கள், நான் என்ன சொல்லப்போகிறேன் என்று.

சட்டென்று கல்லாவுக்கு அடியில் குனிந்தேன், எதையோ தவறவிட்டவன் போல. ஐம்பதை நெருங்கும் தொப்பைக்கு அது லேசான காரியம் இல்லை. முட்டி இரண்டும் கடகடவென்றன. பைக் கிளம்பும் சத்தம் கேட்கும்வரை அங்கேயே தரையைத் துழாவிக்கொண்டிருந்தேன்.

"எடுத்துட்டுப் போயிட்டானா?" என்று கீழிருந்தபடியே கேட்டேன்.

"எடுத்துட்டான். எந்திரிங்க" என்றாள் கல்லாவுக்குப் பக்கத்தில் நின்ற மனைவி. "இந்தக் குனியிற வேலைய அன்னைக்கே செஞ்சுருந்தா நீங்களும் போயி எடுத்துருக்கலாம்."

நிமிர்ந்தேன். அவள் லேபிள் வாசித்துக்கொண்டிருந்தாள்.