நமக்குள்ள என்ன பேப்பரு?

என் தங்கையிடம் நான் பொய் சொன்னேன். லாரிக்காரனிடம் எல்லாச் செலவையும் எழுதிக் கையெழுத்து வாங்கிவிட்டதாகச் சொன்னேன். வாங்கவில்லை. பின்னால் வந்த கொடுமை எல்லாம் அந்தப் பொய்யின் முதுகில் ஏறி வந்ததுதான்.

கணவர் இறந்தபின் அவள் புனேயைக் காலி செய்துகொண்டு சிதம்பரத்தில் என் வீட்டுக்கு வரத் தீர்மானித்தாள். அங்கே இட்லி மாவு அரைத்து விற்றுப் பிழைத்தவள். இங்கேயும் அதுதான் பிழைப்பு. கட்டிலும் பீரோவும் எப்படி வந்தாலும் அவளுக்குக் கவலையில்லை. பெரிய கிரைண்டர் ஒழுங்காக வந்து சேர வேண்டும்.

"அண்ணே, ஏத்துக்கூலி, எறக்குக்கூலி, டோலு, வரி எல்லாத்தயும் சேத்து ஒரே தொகையா எழுதி வாங்கிடு. இங்க பக்கத்து வீட்டுக்காரவுங்க பட்ட பாட்டப் பாத்துட்டுதான் சொல்றேன்" என்று போனில் சொன்னாள்.

கடலூரில் ஒரு மாடி அறைதான், வீட்டுச் சாமானை ஊர்விட்டு ஊர் கொண்டுசேர்க்கும் அந்த லாரிக்காரனின் 'மூவர்ஸ்' அலுவலகம். மேஜை, இரண்டு நாற்காலி, லாரிப் படம் போட்ட காலண்டர். காலண்டரில் இருந்ததைத் தவிர அவனுக்குச் சொந்தமாக லாரியே கிடையாது என்பது பிறகுதான் தெரிந்தது. என் சொந்த ஊர் காட்டுமன்னார்கோயில் என்றதும் எழுந்து நின்றான்.

"அட, நம்மூரா! அப்ப நீங்க எனக்கு மாமா முறை. ஒக்காருங்க மாமா, டீ சொல்றேன்."

மற்ற இடங்களில் கேட்டதைவிட மிகக் குறைவாக விலை சொன்னான். அந்தக் குறைவே என்னை உஷார்படுத்தியிருக்க வேண்டும். என்னென்ன சாமான் என்று ஒரு வீடியோகூடக் கேட்காமல் எந்த யோக்கியன் விலை சொல்வான்?

"எல்லாம் சேத்துதானே?"

"சேத்துதான் மாமா. ஒத்த ரூபா ஜாஸ்தி வாங்க மாட்டேன்."

"அப்ப அத எழுதி..." என்று இழுத்தேன். அவன் முகம் சுருங்கிவிட்டது.

"நமக்குள்ள என்ன மாமா பேப்பரு? நான் எங்க ஓடிப்போயிடப் போறேன்?"

கல்லூரியில் காலமெல்லாம் வணிகச் சட்டம் நடத்தியவன் நான். ஒப்பந்தம் என்றால் என்ன என்று மாணவர்களை மனப்பாடம் செய்ய வைத்தவன். முறை வைத்து அழைத்த ஒருவனிடம் கையெழுத்துக் கேட்க எனக்கு வெட்கமாக இருந்தது. டீயைக் குடித்துவிட்டு முன்பணத்தைப் போனிலேயே அனுப்பிவிட்டு வந்தேன். அன்று மாலை தங்கை கேட்டபோது, "வாங்கிட்டேம்மா, பத்திரமா இருக்கு" என்றேன்.

அவள் ரயிலில் வந்து சேர்ந்தாள். சாமான் வரவில்லை. நாள் கடந்துகொண்டே போய், கடைசியில் கடலூர் முதுநகரில் ஒரு கோடவுனில் இருப்பதாகச் சொன்னான். இருவரும் போனோம். பேசிய தொகை போக, இன்னொரு மடங்கு கேட்டான். வழியில் வேறு லாரிக்கு மாற்றியதற்குக் கூலியாம். கிரைண்டர் 'மெஷினரி'யாம், அதற்குத் தனிக் கட்டணமாம். எந்தப் படியும் ஏறாத சாமானுக்கு மாடிக்கூலி. அவன் செய்த தாமதத்துக்கு நாங்கள் கோடவுன் வாடகை தர வேண்டும்! பில் கேட்டால், "பில்லு போட்டா இன்னும் ஏறும்" என்றான்.

தங்கை அசரவில்லை. "நீ எழுதிக் குடுத்த பேப்பரு எங்க அண்ணங்கிட்ட இருக்கு. அதுல உள்ளதுதான் குடுப்போம்."

"பேப்பரா?" அவன் சிரித்தேவிட்டான். "எந்தப் பேப்பரு? மாமாவயே கேளுங்க."

அவள் என்னைப் பார்த்தாள். அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். "வீட்ல மறந்து வெச்சிட்டு வந்துட்டேன்" என்றேன்.

அவள் வீட்டுக்கு வந்து என் அலமாரியைக் குடைந்தாள். புத்தகங்களை ஒவ்வொன்றாக உதறினாள். அவள் கையில் தூசி படிவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க முடியவில்லை. "தேடாதம்மா. நான் வாங்கவே இல்ல" என்றேன்.

அவள் கையிலிருந்த புத்தகத்தை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு முகம் கழுவப் போனாள்.

மறுநாள் என் சேமிப்பை எடுத்துக்கொண்டு போய் அவன் கேட்டதைக் கட்டினேன். நம் சாமான் அவன் பூட்டுக்குள் இருக்கும்போது கேட்கும் பணத்துக்குக் கூலி என்றா பெயர்? ஆளைக் கடத்திக் கேட்கும் பிணைப்பணம். திருடன் கத்தியைக் காட்டுவான். இவன் முறையைக் காட்டினான். மழையில் நனைந்து கிரைண்டர் மோட்டார் போயிருந்தது. இன்ஷூரன்ஸ் பற்றிக் கேட்டதற்கு, "நீங்க கேக்கலியே மாமா" என்றான். அப்போதும் மாமா!

நுகர்வோர் நீதிமன்றத்தில் புகார் கொடுத்தேன். அங்கேயும் முதலில் கேட்டது எழுத்தில் என்ன இருக்கிறது என்றுதான். முன்பணம் அனுப்பிய போன் பதிவைக் காட்டினேன். எதிராளி வாய்தாவுக்கு வருவதில்லை. மாடி அறையில் இப்போது வேறு பெயரில் பலகை தொங்குகிறது.

புது கிரைண்டர் வாங்கித் தருகிறேன் என்றேன். தங்கை மறுத்து, பழைய மோட்டாருக்கே புதுச் செப்புக்கம்பிக் காயில் கட்டி வாங்கிக்கொண்டாள். வீட்டின் முன்னறையை மாவுக்கடைக்கு எடுத்துக்கொள்ளச் சொன்னேன். அதற்கு மட்டும் ஒப்புக்கொண்டாள்.

"வாடகை எவ்ளோண்ணே?"

"நமக்குள்ள என்னம்மா வாடகை?"

சொல்லி முடித்தபிறகுதான் என் காதில் விழுந்தது. அவள் அரிசி களைவதை நிறுத்திவிட்டு ஈரக் கையோடு நின்றாள்.

"எழுதிக் குடுண்ணே."

எழுதினேன். அவள் இருக்கும்வரை அறை அவளுடையது, வாடகை இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு நீட்டினேன். கையைத் துடைத்துக்கொண்டு வாங்கி, வரி வரியாகப் படித்தாள். பிறகு காகிதத்தை என்னிடமே திருப்பித் தந்தாள்.

"கரண்டு பில்லு யாரு கட்றது? அதயும் எழுது."