மாடிப்படி விளக்கு யார் லைனில்?

வயரிங் டெஸ்ட் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால், அந்த வீட்டில் ஓரிரு நாள் கரண்டை ஓட விட்டுப் பார்ப்பேன். "பேப்பர் ஷாக் அடிக்காது, வயருதான் அடிக்கும்" என்று பழைய வயர்மேன்கள் சொல்வார்கள். அந்தப் பழக்கத்தால் திருப்போரூரில் ஒரு வினோதத்தைப் பார்த்தேன்.

மாடியில் அண்ணன் ஏகாம்பரம், கீழே தம்பி குமரேசன். இருவருக்கும் ஒரே மீட்டர். கீழே ஏசி வந்தது, பில் ஏறியது, சண்டை வந்தது, பேச்சு நின்றது. தனி மீட்டர் வேண்டுமென்று குமரேசன் என்னைக் கூப்பிட்டார். இரண்டு வீட்டு வயரிங்கும் ஒன்றோடொன்று கலக்கவில்லை என்று நான் எழுதிக் கொடுத்தால்தான் மின்வாரியத்தில் மனு நகரும்.

"மீட்டர் வரலன்னா ஊரப்பாக்கத்துல வாடகைக்குப் பூடுவேன் அண்ணாத்த. இங்க இருக்க முடியாது" என்று சொல்லிவிட்டார்.

வயரிங்கைப் பிரித்தேன். கீழ் வீட்டுக்குப் புது ஈ.எல்.சி.பி. மாட்டினேன். கரண்ட் கசிந்தால் தானே விழுந்து லைனை நிறுத்துகிற சுவிட்ச் அது. பழைய சப்ளையிலேயே ஓட விட்டேன். பகலெல்லாம் சரியாக இருந்தது. சாயங்காலம் குமரேசனின் மனைவி செல்வி போன் செய்தார்.

"இன்னாண்ணே வேல பண்ணிக்கீற? பொட்டுனு பூடுச்சி. மேல இருக்கறவருதான் இன்னாமோ பண்றாரு."

மறுநாளும் அதே நேரத்தில் அதே கதை. அடுத்த நாள் இருட்டுவதற்கு முன்பே போய் போர்டுக்கு எதிரில் உட்கார்ந்தேன். மேலே 'டக்' என்று சத்தம். கீழ் வீடு இருண்டது.

"பாத்தியாண்ணே, நான் சொல்லல?" என்றார் செல்வி.

மாடியேறினேன். ஏகாம்பரம் சுவிட்ச் பக்கத்தில் நின்றிருந்தார்.

"இன்னா சார் போட்டீங்க?"

"படிக்கட்டு லைட்டுதாம்பா. கம்பெனி பஸ்ஸு வர்ற நேரம். சந்துல காவா மூடி வேற ஒடஞ்சிகீது."

"பஸ்ல வர்றது உங்க பையனா?"

"எனக்கு ஏதுப்பா பையன்?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். மறைமலைநகர் கம்பெனியிலிருந்து அந்த பஸ்ஸில் வருவது குமரேசன்தான்.

மேலும் கீழும் சுவிட்ச் உள்ள அந்த விளக்கைக் கழற்றினேன். கரண்ட் வரும் பேஸ் வயர் மாடியிலிருந்து, திரும்பும் நியூட்ரல் வயர் கீழிருந்து. வீடு கட்டும்போது யாரோ வயரை மிச்சம் பிடித்திருக்கிறார். மேலே புறப்படும் கரண்ட் கீழ் வழியாகத் திரும்பினால், ஈ.எல்.சி.பி. அதைக் கசிவென்று எண்ணி விழும். விளக்கு முழுக்க ஒருவர் லைனில் இருந்தாக வேண்டும். யார் லைனில் போடட்டும் என்று கேட்டேன்.

"என் லைன்லயே போடு. ஆனா கீழ் சுவிட்ச எடுத்துடாத. அவன் வந்து அணைச்சாதான் வந்துட்டான்னு எனக்குத் தெரியும்."

அதற்குள் குமரேசன் படிக்கட்டின் அடியில் வந்து நின்றிருந்தார். நான் மாடியிலிருந்து நியூட்ரல் இழுத்து முடிக்கும்வரை செல்போன் வெளிச்சம் காட்டினார். பிறகு விளக்கைப் போட்டேன். கீழ் வீட்டில் எதுவும் விழவில்லை. கீழ் சுவிட்சை அவரே அணைத்தார். மேலே கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டேன். மீட்டரும் வந்தது. ஊரப்பாக்கம் பேச்சு நின்றுவிட்டது. அண்ணன் தம்பி பேச்சு இன்னும் தொடங்கவில்லை என்று கேள்வி. தானாடாவிட்டாலும் தன் தசை ஆடும் என்பார்கள்.

புதிதாக லைசென்ஸ் எடுத்தவர்களுக்குச் சொல்கிறேன்: லைன் விழுந்தால் வயரை மட்டும் பார்க்காதீர்கள். அந்த நேரத்தில் யார் எந்த சுவிட்சை, யாருக்காகப் போடுகிறார் என்று மாடியேறிக் கேளுங்கள். கையெழுத்து அதற்குப் பிறகு.