தொப்பியும் துபாய்த் தண்ணீரும்

என் தொப்பியைக் கழற்றியவர் என் மனைவியின் காக்கா, அதாவது அண்ணன். அதுவும் என் நிக்காஹ் விருந்தில், நாலு பேர் சுற்றி உட்கார்ந்து ஒரே தட்டில் சாப்பிடும் சஹனில். "துபாய்த் தண்ணி மாப்புளய மொட்டையாக்கிடுச்சு! நம்ம குளத்துல குளிச்ச தலையப் பாருங்க" என்று தன் சுருட்டை முடியைக் கோதிக் காட்டினார். பந்தலே சிரித்தது. நான் தொப்பியைப் பிடுங்கி மாட்டிக்கொண்டேன். இரும், உமக்கு ஒருநாள் வைத்திருக்கிறேன் என்று கறுவிக்கொண்டேன்.

எங்கள் அதிராம்பட்டினத்தில் மாப்பிள்ளை பெண் வீட்டோடுதான். விடுப்பில் வரும்போதெல்லாம் அதே மச்சான், அதே கேலி. வளைகுடாத் தண்ணீரைக் குற்றம் சொல்லாத வழுக்கையே ஊரில் கிடையாது. நானும் அங்கே மினரல் வாட்டரில் தலை அலசிய மடையன்தான். கடைசியில் துபாய் கிளினிக்கில் ஒரு டாக்டர் திட்டினார். தண்ணீர் இல்லையாம், பரம்பரையாம். சின்ன வயதிலேயே உச்சி முடி கொட்டியவர்களிடம் இதய நோயும் சற்று அதிகமாகத் தென்படுகிறதாம். முடி போனதால் இதயம் கெடாது, ஆனாலும் பிரஷர், சுகர், கொழுப்பு மூன்றையும் பார்த்துக்கொள் என்றார். என் வாப்பாவும் வழுக்கை. நெஞ்சுவலியில் இளவயதிலேயே போனவர். அன்றே சிகரெட்டை விட்டேன்.

சில வருடத்தில் மச்சான் தலையில் எந்நேரமும் தொப்பி. தூங்கும்போதும்! எனக்குப் புரிந்துவிட்டது. அல்ஹம்துலில்லாஹ்! மாடி ஏறினால் அவருக்கு மூச்சு வாங்கியது. கேட்டால், "கேஸ் மாப்புள" என்று சோடா குடிப்பார். டாக்டர் சொன்னதைச் சொல்லி டெஸ்ட் எடுக்கச் சொன்னேன். "அதெல்லாம் மொட்டைத் தலைக்காரங்களுக்கு" என்றார்.

அவர் மகள் கல்யாணச் சஹனில் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்தேன். கறிக்குக் கை நீட்டினார், தொப்பியை உருவினேன். உச்சி பளபளத்தது.

"என்ன மச்சான், நம்ம குளத்துத் தண்ணியும் கெட்டுப்போச்சா? நெஞ்சு டெஸ்ட் எடுங்கன்னா கேக்குறீங்களா?"

பந்தல் அதிர்ந்தது. என் வயிறு குளிர்ந்தது.

சிரித்தவர்கள் அதோடு விடவில்லை, என்ன டெஸ்ட் என்று துருவினார்கள்; மூச்சு வாங்கும் கதையைச் சொன்னேன். மறுநாளே அவரைத் தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனார்கள். இதயக் குழாயில் அடைப்பு. இன்னும் தாமதித்திருந்தால் ஆளே இல்லை என்றார்களாம் டாக்டர்கள்.

"எங்க காக்கா உசிரக் காப்பாத்திட்டீங்க" என்று என் மனைவி அழுதாள். எனக்கு எரிச்சலாக வந்தது. நான் பழிவாங்கத்தானே கழற்றினேன்? வீடே எனக்கு துஆ செய்கிறது!

ஆனாலும் விடுவேனா? இப்போது எந்த விருந்திலும் அவர் சஹனில்தான் உட்காருகிறேன். கொழுப்புக் கறியாகப் பார்த்து எதிரே இருப்பவர் பக்கம் தள்ளிவிடுவேன். எனக்கும் ஆசைதான், இருந்தாலும் தள்ளிவிடுவேன்.

"மாப்புள, ஒரே ஒரு துண்டு" என்று கெஞ்சுவார்.

"போய் நம்ம குளத்துல குளிச்சுட்டு வாங்க மச்சான்" என்பேன்.