தண்ணி வண்டியின் எட்டாம் நாள்

என் தங்கை புருஷனுக்குப் பந்தயக்காரர்கள் வைத்த பெயர் தண்ணி வண்டி. எங்கள் சைக்கிள் அணியில் ஏழு பேர். பின்னால் வரும் அணிக் காரிலிருந்து பாட்டில்களை வாங்கி, பனியனுக்குள் முன்னும் பின்னும் திணித்துக்கொண்டு, மூச்சு வாங்க மிதித்துப் போய் மற்ற ஆறு பேருக்கும் கொடுப்பது அவன் வேலை. கல்யாணப் பேச்சு நடந்தபோது இந்தப் பெயர் எப்படியோ என் அம்மா காதுக்குப் போய்விட்டது. குடிகாரனுக்கா பெண்ணைக் கொடுப்பது என்று இரண்டு நாள் சாப்பிடாமல் படுத்துவிட்டாள். டீ கூடக் குடிக்காதவன் என்று புரியவைப்பதற்குள் எனக்குத் தொண்டைத்தண்ணி வற்றிவிட்டது.

அட்டைப்பெட்டி கம்பெனியில் அவனுக்கு ஷிப்டு வேலை. காய்ச்சல் வந்தாலும் லீவு போடாமல் சேர்த்துவைத்து, மொத்தத்தையும் இந்த எட்டு நாள் பந்தயத்தில் கொட்டுவான். முதலில் வருகிறவன் எடுத்த நேரத்தோடு நூற்றுக்குப் பதினைந்து பங்கு கூட்டுவார்கள். அதற்குள் கோட்டைத் தாண்டாதவன் பெயர் பட்டியலில் வராது, ஏழு நாள் மிதித்ததும் வீண். போன இரண்டு வருஷமும் கடைசி நாளில், அணித்தலைவனுக்காக நின்று நின்று, நேரம் தாண்டி வந்து சேர்ந்தான். பட்டியலில் விரல் வைத்துத் தேடிய அவன் மகள், "அப்பா, நீ போகவே இல்லையா?" என்று கேட்டிருக்கிறாள். இந்த வருஷம் அவனுக்கு வேண்டியது அந்த ஒரு வரிதான்.

நான் அணியின் மெக்கானிக். எட்டாம் நாள் பாதி தூரத்தில் தலைவனுக்குப் பின்சக்கரம் பஞ்சர். கார் பக்கத்தில் இல்லை. இவன் தன் சக்கரத்தைக் கழற்றி மாட்டிக்கொடுத்து, முதுகில் கைவைத்துத் தள்ளியும் விட்டிருக்கிறான். அணிக் காரில் நாங்கள் வந்தபோது மொட்டைச் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு கையைத் தூக்கி நின்றான். மாற்றுச் சக்கரம் என் மடியிலேயே இருந்தது.

"நிப்பாட்டாதீங்க, தலைவருக்கு மறுபடியும் ஏதாவது ஆயிட்டா?" என்றார் முன்சீட்டில் இருந்த அணி மேனேஜர்.

"சார், அரை நிமிஷம் போதும்."

"அவன் வேன்ல ஏறிக்குவான்யா."

வேன் என்றால், முடியாமல் விழுந்தவர்களைக் கடைசியில் அள்ளிக்கொண்டு வருகிற வண்டி. முடிந்தவனை அதில் ஏறச் சொல்கிறார். கார் போய்க்கொண்டே இருந்தது.

வேன்காரர் ஏறச் சொன்னாராம். இவன் ஏறவில்லை. பதினோரு நிமிஷம் நின்று, பந்தயம் நடத்துகிறவர்களின் பொதுக் காரில் ஒரு சக்கரம் வாங்கி, எதிர்க்காற்றில் தனி ஆளாக அறுபது கிலோமீட்டர் மிதித்திருக்கிறான்.

அதற்குள் எங்கள் தலைவன் நான்கு மணி நேரத்தில் முதலாவதாக வந்து, மேடையேறி, சிரித்து, படம் எடுத்தாகிவிட்டது. மேனேஜர் மைக்கில், "இது கூட்டு முயற்சி" என்றார். கூட்டு முயற்சியாம். அந்த மைக்கைப் பிடுங்கியிருக்க வேண்டும்.

முப்பத்தாறு நிமிஷம் கெடு. இருபத்தெட்டாவது நிமிஷத்தில் இரண்டு பேர் கோட்டின் மேலிருந்த ரப்பர் பாயைச் சுருட்ட வந்தார்கள். சைக்கிளில் ஒட்டிய எலக்ட்ரானிக் சில்லு அந்தப் பாயைத் தாண்டினால்தான் நேரம் பதிவாகும். நான் டூல்ஸ் பெட்டியோடு போய்ப் பாயின் ஓரத்தில் சப்பணமிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

"அண்ணே, எந்திரிங்க. எல்லாம் முடிஞ்சிருச்சு."

"யாருக்கு முடிஞ்சிருச்சு? இன்னும் எட்டு நிமிஷம் இருக்கு. உங்க சட்டம்தானே?"

நடுவரைக் கூப்பிட்டார்கள். அவர் கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பாய்க்குப் பக்கத்தில் நின்றுகொண்டார். மேனேஜர் தூரத்திலிருந்தே தலையில் அடித்துக்கொண்டார். அடித்துக்கொள்ளட்டும்.

முப்பத்து நான்காவது நிமிஷம் தெருக்கோடியில் தலை தெரிந்தது. தடுப்புகளை ஏற்றிக்கொண்டிருந்த லாரிக்குப் பின்னாலிருந்து வளைந்து வந்தான். கைதட்ட ஆளில்லை. பாய் 'பீப்' என்றது. நடுவர் அவன் எண்ணைத் தாளில் எழுதி எனக்குக் காட்டினார். அப்போதுதான் எழுந்தேன்.

அவனை நடைபாதையில் உட்கார வைத்தேன். உதடெல்லாம் உப்புப் பூத்திருந்தது. பாட்டிலைக் கொடுத்தேன். இரண்டு மடக்குக் குடித்தான்.

"அந்த மேனேஜரை நாலு வார்த்தை கேக்காம விடமாட்டேன் மாப்ள. நிப்பாட்டாமப் போறான், மனுஷனா அவன்?"

"விடுங்க மச்சான். வெயில்ல கார் கண்ணாடி பளபளன்னு இருந்துச்சா, உள்ள யாருன்னே தெரியல. நீங்க வேற கார்ல வந்திருப்பீங்கன்னு நெனச்சுக்கிட்டேன். நீங்க இருந்திருந்தா குதிச்சாவது எறங்கியிருப்பீங்க."

கதவு என் பக்கம்தான் இருந்தது. பூட்டுகூடப் போடவில்லை.

"இருந்தேன் மாப்ள" என்றேன்.

அவன் இன்னொரு மடக்குக் குடிக்கப் பாட்டிலைத் தூக்கி, பாதியில் இறக்கினான். பிறகு, எட்டு நாள் பழக்கமோ என்னவோ, மிச்சத் தண்ணீரை என் பக்கம் நீட்டினான்.