சடையனைத் தேடி வந்தவர்

எழில்மதி யாரையும் உடனே நம்பிவிடுகிற ரகம் இல்லை. ரிஷிவந்தியத்துக்குப் பக்கத்துக் கிராமத்தில், நடவுக்கும் களையெடுப்புக்கும் கூலிக்குப் போகிற வீட்டில் பிறந்தவள். கம்ப்யூட்டர் படிப்பை முடித்த கையோடு, சென்னையில் வேலை வாங்கித் தருகிறேன் என்று ஒருவன் அவளுடைய சான்றிதழ்களை எல்லாம் வாங்கிக்கொண்டு போனான். வேலையும் வரவில்லை, ஆளும் போனை எடுக்கவில்லை. அலைந்து திரிந்து சான்றிதழ்களை மீட்டுக்கொண்டு வந்தவள், அதற்கப்புறம் யார் எதைச் சொன்னாலும் ஒரு தடவை புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் எடுத்துக்கொள்வாள்.

கள்ளக்குறிச்சி துருகம் சாலையில் நூர் முகமதுவின் கம்ப்யூட்டர் கடையில் சேர்ந்த பிறகு, அந்தக் குணமே அவளுக்குக் கைகொடுத்தது. பழுதான மிஷினைக் கொண்டுவருகிற யாரும் உண்மையைச் சொல்வதில்லை. அதிலும் கேம் விளையாடுகிறவர்கள் மகா மோசம். வாளும் மந்திரமுமாக ஊர் ஊராகப் போய்க் கதையை நடத்துகிற பெரிய கேம்கள் இருக்கின்றன அல்லவா, அவற்றில் கம்பெனிக்காரன் வைக்காததை எல்லாம் விளையாடுகிறவர்களே செய்து ஒட்டிக்கொள்வார்கள். புதுசாக ஒரு ஊர், ஒரு குதிரை, கூடவே நடந்து வர ஒரு ஆள். அதற்குப் பெயர்தான் மோட். ஒன்றை ஒட்டினால் நல்லது. ஐம்பதை ஒட்டினால் ஒன்றின் காலை ஒன்று மிதித்து, கேம் திறந்ததுமே படுத்துவிடும். அப்போது எழில்மதியிடம் வருவார்கள். அவள் பாதி மோடை நிறுத்திவிட்டு ஓட்டிப் பார்ப்பாள். ஓடினால் குற்றவாளி நிறுத்திய பாதியில் இருக்கிறான். அதில் பாதியை மட்டும் திரும்பப் போட்டுப் பார்ப்பாள். இப்படியே போய்ப் பிடித்துவிடுவாள். சின்ன சேலம், சங்கராபுரத்திலிருந்தெல்லாம் கல்லூரிப் பிள்ளைகள் அவளைத் தேடி வந்தார்கள்.

ஆனால் ஜெயப்பிரகாஷ் வந்தபோது, மோடைவிட ஆள்தான் அவள் கண்ணை உறுத்தினார்.

மத்தியான நேரம். கடையில் கூட்டமில்லை. முப்பது வயதைத் தாண்டியவர், காக்கிச் சட்டை, துண்டில் சுற்றிய லேப்டாப். மலைமேல் கரியாலூரில் சுற்றுலா வருகிறவர்களை அருவிக்குக் கூட்டிப்போக வண்டி ஓட்டுகிறவராம். லேப்டாப்பைத் தன்னுடையது என்றார். படிக்கிற பிள்ளைகளுக்கு அரசாங்கம் கொடுத்த பழைய லேப்டாப் அது.

“இன்னா பிரச்சனைங்க?”

“கேமு தொறக்க மாட்டேங்குது. தொறந்து குடுத்தா போதும். அதுல எழுதியிருக்கறத பாக்கணும்.”

எழில்மதி நிமிர்ந்து பார்த்தாள். கேமை விளையாட வேண்டும் என்றுதான் எல்லோரும் வருவார்கள். எழுதியிருப்பதைப் பார்க்க வேண்டும் என்று யாரும் வந்ததில்லை.

பாஸ்வேர்டை ஒரு துண்டுச் சீட்டைப் பார்த்து ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினார். உள்ளே போனதும் அபிநயா என்று பெயர் வந்தது.

“அபிநயா யாருங்க?”

“வூட்ல.”

“அவங்களுக்கு நீங்க கொண்டாந்தது தெரியுமாண்ணா?”

“தெரியும், தெரியும். நீ வேலயப் பாரும்மா. நாலு மணி பஸ்ஸுக்குப் போவணும்.”

இரண்டு தடவை தெரியும் என்றதிலேயே தெரியாது என்று அவளுக்குப் பட்டுவிட்டது. திருட்டுப் பொருளாக இருக்குமோ என்று முதலில் நினைத்தாள். ஆனால் திருடினவன் விற்கப் பார்ப்பானே தவிர, உட்கார்ந்து படிக்கப் பார்ப்பானா? இது வேறு ஏதோ.

கேமைத் திறந்தாள். அபிநயா விளையாடிச் சேமித்து வைத்திருந்த ஆட்டத்தைத் தொட்டதும், அதற்கு வேண்டிய ஒரு ஃபைலைக் காணவில்லை என்று செய்தி வந்தது. காணாமல் போன ஃபைலின் பெயர், ஆங்கில எழுத்தில், சடையன்.

“எதையாச்சும் அழிச்சீங்களாண்ணா?”

“நான் இன்னாத்துக்கு அழிக்கறேன்? எனக்கு இதுல ஒண்ணுமே தெரியாது.”

அழித்ததெல்லாம் போய்க் கிடக்கிற ரீசைக்கிள் பின்னைத் திறந்தாள். சடையன் என்கிற ஃபோல்டர் அங்கேதான் கிடந்தது. நேற்றுத்தான் யாரோ அழித்திருக்கிறார்கள். திரையைத் தன் பக்கமாகத் திருப்பிக்கொண்டு, அதை மீட்டு எடுத்தாள். உள்ளே ஒரு ஆளைச் செய்து வைத்திருந்தது. கேமில் அபிநயாவின் கூடவே நடந்து வருகிற ஆள். அவன் பேச வேண்டிய வசனங்கள் தனி ஃபைலில் இருந்தன. பழைய கேம் என்பதால் தமிழ் எழுத்து வராது. தமிழையே ஆங்கில எழுத்தில் தட்டியிருந்தாள் அந்தப் பெண்.

‘சாப்ட்டியா?’

‘கால் வலிக்குதா? அந்தக் கல்லுமேல செத்த உக்காரு. நான் பாத்துக்கறேன்.’

‘இன்னிக்கு யாருகிட்டயும் பேசவே இல்லியே நீ. எங்கிட்ட பேசு.’

எழில்மதி கீழே கீழே படித்துக்கொண்டே போனாள். பக்கம் பக்கமாக இருந்தது. காதல் பேச்சு ஒன்றும் இல்லை. மழை பெய்கிறதா, தலைவலி போய்விட்டதா, அம்மா ஞாபகம் வந்ததா என்று கேட்கிற ஒரு ஆளை உட்கார்ந்து செய்திருக்கிறாள் ஒருத்தி.

பாதியில் நிறுத்தினாள். ஜெயப்பிரகாஷ் ஸ்டூலை விட்டு எழுந்து மேஜைக்கு மேல் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“கெடைச்சானா சடையன்?”

அவள் அந்தப் பெயரை வாய்விட்டுச் சொல்லவே இல்லை. லேப்டாப்பைச் சட்டென்று மூடினாள்.

“சடையன்னு யாரு சொன்னா உங்களுக்கு?”

அவர் முகம் கறுத்தது. பிறகு மறைக்காமல் கொட்டினார். ஒரு சாயங்காலம் அபிநயாவின் பின்னால் போய் நின்றபோது திரையில் பார்த்தாராம். சடையன் என்று பேர் போட்டு, சாப்ட்டியா என்று கேட்டிருந்ததாம். இவரைக் கண்டதும் அவள் மூடிவிட்டாளாம். நேற்று அவள் இல்லாத நேரத்தில் திறந்து, அந்தப் பேர் இருந்ததை ஆத்திரத்தில் அழித்துவிட்டாராம், அதற்கப்புறம்தான் கேம் திறக்கவில்லையாம்.

“எங்க பக்கம் சடையன்னு நாலு பேரு இருக்கானுங்க. ஒருத்தன் எங்கூடவே வண்டி ஓட்றான். எவன்னு தெரியணும். கேட்டா, அது கேமுன்னு சொல்றா. கேமு வந்து சாப்ட்டியான்னு கேக்குமா? நீயே சொல்லு.”

சொல்லிவிடலாம், இது மனுஷனே இல்லை என்று. வாய் வரைக்கும் வந்தது. ஆனால் சொன்னால் காட்டு என்பார். காட்டினால், யாரிடமும் பேசவில்லையே என்ற அந்த வரியையும் படிப்பார். இந்த ஆள் வீட்டுக்குப் போய் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வார் என்று யாருக்குத் தெரியும்?

“அவங்க வராம நான் தொறக்க மாட்டேண்ணா.”

“எம் பொண்டாட்டி பொருளு. நீ யாரு தடுக்கறதுக்கு?”

சத்தம் கேட்டு, முன்பக்கம் கல்லாவில் இருந்த நூர் முகமது எழுந்து வந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு எழில்மதியைத்தான் கடிந்தார். “அவங்க வூட்டு சமாச்சாரம்மா அது. நமக்கு இன்னாத்துக்கு? குடுத்து அனுப்பு.”

பாயும் அந்தப் பக்கம்தானா என்று அவளுக்குக் கசந்தது. “குடுக்க மாட்டேன் பாய். இவரு அழிச்சிட்டு, அழிக்கலன்னு எங்கிட்டயே பொய் சொல்றாரு. நாளைக்கு அந்தப் பொண்ணு வந்து கேட்டா கட பேருதான் கெடும்.”

கடையின் பேர் என்றதும் பாய் யோசித்தார். பிறகு ஜெயப்பிரகாஷின் பக்கம் திரும்பி, “பொருள் இங்க பத்திரமா இருக்கும் தம்பி. சம்சாரத்தக் கூட்டிக்கினு வாங்க” என்றார். ஜெயப்பிரகாஷ் மேஜையை ஓங்கித் தட்டிவிட்டுப் போனார். அவர் தெருமுனை திரும்புகிறவரைக்கும் பார்த்துக்கொண்டிருந்த எழில்மதி, லேப்டாப்பை அலமாரியில் வைத்துப் பூட்டினாள். பூட்டுவதற்கு முன்னால் இன்னொரு காரியமும் செய்தாள். சடையன் ஃபோல்டரை அப்படியே ஒரு பென் டிரைவில் ஏற்றிக்கொண்டாள். பாயிடம்கூடச் சொல்லவில்லை.

மறுநாள் காலையில் ஒரு பெண் வந்து நின்றாள். ஒல்லியான உடம்பு, பஸ்ஸில் வந்த களைப்பு, கண்ணில் மட்டும் சூடு.

“எம் லேப்டாப்ப வெச்சிருக்கீங்களாம்.”

எழில்மதி அவளையும் நம்பவில்லை. அந்த ஆள் வேறு யாரையாவது பேசிக் கூட்டி வந்திருக்கலாம். எதிர்ப்பக்க டீக்கடையில் ஜெயப்பிரகாஷ் நின்றுகொண்டிருந்ததும் தெரிந்தது. பாஸ்வேர்டைத் தட்டச் சொன்னாள். அந்தப் பெண் விசைகளைப் பார்க்காமலேயே தட்டினாள். அதுவும் போதவில்லை.

“சடையன் மொதல்ல எங்க வருவான்?”

“ஆத்தோரம், ஒடஞ்ச பாலத்துக்கிட்ட.” சொல்லிவிட்டு அவள் நிறுத்தினாள். “அது உங்களுக்கு எப்டித் தெரியும்? படிச்சீங்களா?”

“பாதி படிச்சேன்.”

“யாரக் கேட்டு?”

நேற்று முழுக்க அந்த ஆளைச் சந்தேகப்பட்ட எழில்மதிக்கு, தானும் அதே வேலையைத்தான் செய்தோம் என்று உறைத்தது. “தப்புதான்” என்றாள். அபிநயா வாசலுக்குப் போய், “வாங்க, வந்து பாருங்க உங்க சடையன” என்று கணவனைக் கூப்பிட்டாள்.

மூன்று பேரும் திரை முன்னால் நின்றார்கள். அபிநயா ஆட்டத்தைத் திறந்தாள். ஆறு வந்தது, கரை வந்தது, உடனே எல்லாம் அணைந்து கேம் மூடிக்கொண்டது. இன்னொரு தடவை திறந்தாள். அதேதான்.

“பாத்தியா? கேமுல இல்லாத ஆளு எப்டி வருவான்?” என்றார் ஜெயப்பிரகாஷ்.

அபிநயா மூன்றாவது தடவையும் திறக்கப் போனாள். எழில்மதி அவள் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, பாதி மோடுகளை நிறுத்தினாள். ஓடவில்லை. மீதியில் பாதியை நிறுத்தினாள். அப்போது அபிநயாவே மோடுகள் ஏறுகிற வரிசையைப் பார்த்துவிட்டுக் கையை நீட்டினாள். “இருங்க. பாலமும் தனி மோடு. அதுக்கு முன்னாடி இவன் ஏறியிருக்கான். பாலமே இல்லாத எடத்துல இவன் எங்க நிப்பான்?”

நேற்று மீட்டபோது வரிசை மாறிப்போயிருந்தது. எழில்மதி அதைப் பார்க்கத் தவறியிருந்தாள். வரிசையில் சடையனைப் பாலத்துக்குக் கீழே இழுத்து வைத்துவிட்டு, நிறுத்தியதை எல்லாம் திரும்பப் போட்டு ஓட்டினாள். இந்தத் தடவை ஆறு நின்றது. பாலம் நின்றது. தாடி வைத்த ஒரு ஆள், முதுகில் மூட்டையோடு, அபிநயாவின் பக்கம் திரும்பினான். கீழே எழுத்து வந்தது. சாப்ட்டியா?

ஜெயப்பிரகாஷ் குனிந்து பார்த்தார். அந்த ஆள் இரண்டடி நடந்தான், நின்றான், மறுபடியும் அதையே கேட்டான்.

“பொம்மயா?”

“பொம்மதான்.”

அவர் நிமிர்ந்தார். முகம் இன்னும் தெளியவில்லை. “பொம்மன்னே வெச்சிப்போம். இத செஞ்சி குடுத்தவன் எவன்?”

அபிநயா அவரையே பார்த்தாள். களமருதூரில் வயல் வரப்புக்கு அண்டை கட்டக் கூலிக்குப் போகிற அப்பாவுக்கு மகளாகப் பிறந்து, தெருவிலேயே முதலாவதாகக் கல்லூரிக்குப் போனவள். மலையில் சிக்னல் கிடைக்காது என்று, தாய் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் பாடங்களை இறக்கிக்கொண்டு வந்து, தானாகவே படித்து இதைச் செய்தவள். வசனங்களின் ஃபைலைத் திறந்து ஒரு வரியைத் தட்டினாள். சேமித்தாள். மறுபடியும் கேமைத் திறந்து, ஆற்றங்கரைக்குப் போய், அந்த ஆளின் முன்னால் நின்றாள்.

‘ஜெயப்பிரகாஷு, என்னைச் செஞ்சது இவதான். வேற எவனும் இல்ல.’

நூர் முகமதுகூட எட்டிப் பார்த்துவிட்டு, “அட, ஆமாம்மா!” என்றார். ஜெயப்பிரகாஷ் அந்த வரியை வாய்க்குள்ளேயே இரண்டு தடவை படித்தார்.

“இதெல்லாம் உனக்குத் தெரியும்னு நீ சொல்லவே இல்லியே.”

“நீங்க கேக்கவே இல்லியே.”

அவர் துண்டை எடுத்து நீட்டினார், லேப்டாப்பைச் சுற்றிக்கொள்ள. அபிநயா அதை வாங்கிச் சுற்றித் தானே இடுப்பில் இடுக்கிக்கொண்டாள். அவர் கை நீட்டியும் கொடுக்கவில்லை. எழில்மதி கடை நம்பரை எழுதி அவளிடம் கொடுத்து, போய்ச் சேர்ந்ததும் பேசச் சொன்னாள். இருவரும் முன்னும் பின்னுமாக பஸ் ஸ்டாண்டு பக்கம் நடந்து போனார்கள்.

சாயங்காலம் வரைக்கும் போன் வரவில்லை. எழில்மதிக்கு வேலை ஓடவில்லை. ஆள் பஸ்ஸில் ஒரு மாதிரி இருந்துவிட்டு வீட்டுக்குப் போய் வேறு மாதிரி ஆகியிருக்கலாம். கடையில் எல்லோர் எதிரிலும் அவரைத் தலைகுனிய வைத்தது நல்லதுதானா என்று யோசித்தாள். விளக்கு போடுகிற நேரத்துக்குத்தான் புது நம்பரிலிருந்து போன் வந்தது.

“வந்துட்டங்க்கா. டவர் கெடைக்கல, மேட்டுக்கு ஏறி வந்து பேசறன்.”

“அவரு எப்டி இருக்காரு?”

“பேசல. இப்பதான் வந்து, அந்த சடையனுக்கு வண்டி ஓட்டத் தெரியுமான்னு கேட்டாரு.”

அது விளையாட்டாகக் கேட்டதா, இன்னும் நோண்டுகிறாரா என்று எழில்மதிக்குப் பிடிபடவில்லை. அபிநயாவுக்கும் பிடிபடவில்லை என்பது அவள் குரலில் தெரிந்தது.

“பக்கத்துல இருக்காரா?”

“இல்ல. கீழ வண்டி கழுவறாரு.”

எழில்மதி கொஞ்சம் தயங்கினாள். பிறகு, “அபிநயா, உன்னக் கேக்காம சடையன ஒரு காப்பி எடுத்து எங்கிட்ட வெச்சிருக்கேன். வேணாம்னா சொல்லு, இப்பவே அழிச்சிடறேன்” என்றாள்.

அந்தப் பக்கம் எங்கோ தண்ணீர் ஊற்றுகிற ஓசை மட்டும் கேட்டது.

“அழிக்க வேணாங்க்கா” என்றாள் அபிநயா. “உங்ககிட்டயே இருக்கட்டும்.”