ஒரு மூதாதை குறைந்த பாட்டு

யாங்குபா சூசோவைப் பற்றி குஞ்சூரில் இரண்டு கருத்துகள் உண்டு. கோரா வாசிப்பதில் கடற்கரை நெடுக அவனுக்கு இணை கிடையாது என்பது ஒன்று. கோராவைக் கெடுத்துக் குட்டிச்சுவர் ஆக்கியவன் அவன் என்பது மற்றொன்று. இரண்டையும் சொல்பவர்கள் ஒரே ஆட்கள்தான், பெரும்பாலும் ஒரே மூச்சில்.

கெடுத்ததற்குச் சாட்சி அவனுடைய கோராவின் கழுத்திலேயே இருந்தது. பெரிய சுரைக்குடுக்கையைப் பாதியாக வெட்டி, மாட்டுத்தோல் போர்த்தி, நீண்ட மரக்கழுத்துச் செருகிய வாத்தியம் அது. இருபத்தொரு தந்திகளையும் கழுத்தில் இறுக்கிப் பிடிப்பவை தோல் வளையங்கள். கடற்காற்று பட்டால் தோல் நெகிழும். காலையில் சேர்த்த சுருதி மதியத் தொழுகைக்குள் தன் இஷ்டத்துக்குப் போய்விடும். முன்னோர்கள் இதைப் பொருட்படுத்தவில்லை. கோரா இறங்கினால் பாடுகிறவளும் கூடவே இறங்கிவிடுவாள். ஆனால் யாங்குபாவோடு வாசிப்பது ஒமார் பாஜியின் கீபோர்டு. அது யாருக்காகவும் இறங்காது. ஆகவே யாங்குபா வளையங்களைக் கழற்றிவிட்டு, செரகுந்தா சந்தையில் செத்த கிட்டார்களிலிருந்து பிடுங்கி விற்கும் இரும்புத் திருகாணிகளை வாங்கிப் பொருத்திக்கொண்டான்.

தோல் வளையம்தான் மரபு என்று யாராவது ஆரம்பித்தால் தந்தியைச் சுண்டிக் காட்டுவான். அது மீன் பிடிக்கிற நைலான் நரம்பு. அவன் தாத்தா காலத்தில் மான்தோலை முறுக்கித் தந்தி செய்தார்கள். அப்பா நைலானுக்கு மாறியபோது ஊர் அவரையும் திட்டியது. பிறகு திட்டி அலுத்து, நைலானை மரபு என்று ஒப்புக்கொண்டது. "மரபுன்னா என்ன, திட்டித் தீர்ந்துபோன புதுசுதானே" என்பான் யாங்குபா. இதற்குப் பதில் சொல்ல முடியாதவர்கள் அவனுக்குத் திமிர் என்றார்கள். அதுவும் உண்மைதான்.

சூசோ குடும்பத்தார் ஜாலிகள், அதாவது பரம்பரைப் பாணர்கள். மானே குடும்பத்துக்குத் தலைமுறை தலைமுறையாகப் புகழ் பாடுகிறவர்கள். மானேக்களின் வம்சாவளியை நினைவில் வைத்திருப்பது மானேக்களின் வேலை அல்ல, சூசோக்களின் வேலை. மானேக்கள் செய்ய வேண்டியதெல்லாம் பிறப்பது, ஜாலிக்குக் கொடுப்பது, நல்லபடியாகச் சாவது. இப்போது குடும்பத்தின் தலைவர் மாலாங் மானே. சிமெண்டுக் கடையும் மீன்பிடிப் படகுகளும் வைத்திருந்தார். யாங்குபா கடை வாசலில் நின்று "மானே!" என்பான். உள்ளிருந்து "சூசோ!" என்று குரல் வரும். இப்படிக் குடும்பப் பெயர்களை மாற்றி மாற்றிச் சொல்லி முடித்த பிறகுதான் எந்தப் பேச்சும். பெயரைத் திருப்பிச் சொல்லாமல் விடுவது கன்னத்தில் அறைவதற்குச் சமம். அறைந்தால்கூட சமாதானம் பேச ஆள் வரும்.

அந்த வருஷம் மழை ஓய்ந்த கையோடு யாங்குபா மானேக்களின் புகழைப் பாட்டாகப் பதிவு செய்தான். அவன் கோரா, ஒமாரின் கீபோர்டு, மனைவி சிரேயின் குரல். சிரே குயாத்தே குடும்பத்துப் பெண், பாடகி. அவள் வாயைத் திறந்தால் துறையில் மீன் பேரம் நின்றுவிடும். எல்லாம் நன்றாகவே வந்தது. பதிவுக்கூடத்துக்காரன் மட்டும், ரேடியோவில் நாலு நிமிஷத்துக்கு மேல் போடமாட்டார்கள், எதையாவது வெட்டு என்றான். இசையை வெட்ட யாங்குபாவுக்கு மனம் வரவில்லை. வம்சாவளியிலிருந்து ஒரு பெயரை எடுத்தான். சார்ஜோ மானே, மாலாங்கின் கொள்ளுத்தாத்தா.

அந்தப் பெயரைத் தேர்ந்ததற்குக் காரணம் இருந்தது. மற்ற மானேக்கள் கோட்டை பிடித்தார்கள், இல்லை கோட்டையோடு செத்தார்கள். சார்ஜோ மட்டும், அண்ணன் தம்பி எல்லாரும் விழுந்த ஒரு சண்டையிலிருந்து உயிரோடு வீடு திரும்பியவர். இதை எப்படிப் புகழ்வது என்று எந்த ஜாலிக்கும் தெரியவில்லை. "குதிரையைத் திருப்பிக் கொண்டுவந்த சார்ஜோ" என்று ஒரு வரி வைத்து வேகமாகத் தாண்டிவிடுவார்கள். ஒவ்வொரு மூதாதைக்கும் கோராவில் தனி மெட்டு உண்டு. சார்ஜோவுக்கு அதுவும் கிடையாது. வெட்டினால் குடும்பத்துக்கு உபகாரம் என்றே யாங்குபா நினைத்தான். வேண்டாம் என்று சிரே அங்கேயே சொன்னாள். அவள் சொன்னது சரியாகப் போய்விடும் என்பதற்காகவே அவன் கேட்கவில்லை போலும்.

பாட்டு ரேடியோவில் வந்தபோது மாலாங் கடையில் வாடிக்கையாளர்களோடு இருந்தார். பெருமையாகச் சத்தத்தைக் கூட்டி வைத்தார். பாட்டு முடிவதற்கு முன்பே அணைத்துவிட்டார்.

மறுநாள் காலை யாங்குபா பாராட்டு வாங்கப் போனான்.

"மானே!" என்றான்.

உள்ளே சிமெண்டு மூட்டை விழும் சத்தம்தான் கேட்டது. சற்று நேரம் கழித்து மாலாங் வெளியே வந்தார்.

"சார்ஜோ மானே எங்கே?"

யாங்குபா மறைக்கவில்லை. நாலு நிமிஷக் கணக்கைச் சொன்னான். சொன்னதோடு நின்றிருக்கலாம். அவர் உயிரோடு திரும்பி வந்தவர்தானே, விட்டால் நீங்கள் வருத்தப்பட மாட்டீர்கள் என்று நினைத்தேன் என்பதையும் சேர்த்துக்கொண்டான்.

"திரும்பி வந்தவருதான்" என்றார் மாலாங். "வந்ததாலதான் எங்க தாத்தா பொறந்தாரு. செத்துப்போன மாவீரனுங்களா வந்து பெத்துட்டுப் போனாங்க? உன் பாட்டுல என் வம்சம் பொணத்துலேர்ந்து நேரா எங்க தாத்தாகிட்ட வந்து நிக்குது. நடுவுல என்ன, தோணி போட்டுத் தாண்டினோமா?"

கடையில் இருந்தவர்கள் சிமெண்டு மூட்டைகளைக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அந்தக் கீபோர்டுப் பெட்டி தின்னுடுச்சு" என்று தீர்ப்புச் சொன்னார் மாலாங். "உங்கப்பன் மூணு மணி நேரம் பாடுவான், ஒரு பேரு விழாது. அந்தப் பெட்டியத் தூக்கிட்டு நீ என் வீட்டுப் பக்கம் வராதே."

மாலாங்கின் மருமகள் அப்போதுதான் பிள்ளை பெற்றிருந்தாள். முதல் பேரன். அடுத்த வாரம் பெயர் சூட்டும் சடங்கு. ஊரே யாங்குபாவுக்கு ஆலோசனை சொல்ல வந்தது. அப்பாவின் பழைய கோரா வீட்டில் தோல் வளையத்தோடு அப்படியே தொங்குகிறது, அதை எடுத்துக்கொண்டு தனியாகப் போ, தரையில் உட்கார், மன்னிப்புக் கேள், மாலாங் கல்மனசுக்காரர் இல்லை என்றார்கள். அது நிஜம். யாங்குபா முறைப்படி கோலாக் கொட்டை அனுப்பி மன்னிப்புக் கேட்டான். மாலாங் கோலாவை வாங்கி வைத்துக்கொண்டார். அதாவது, மன்னிப்பு ஏற்கப்பட்டது. பெட்டி ஏற்கப்படவில்லை.

போகாமல் இருந்தால் மானே வாசல் சூசோக்களுக்கு அத்தோடு மூடும். கீபோர்டை விட்டுவிட்டுப் போனால், பெட்டிதான் பெயரைத் தின்றது என்று அவனே கையெழுத்துப் போட்ட மாதிரி ஆகும். பிறகு எந்த வீட்டு முற்றத்திலும் அது நுழையாது. பத்து வருஷமாக அவனும் ஒமாரும் சேர்த்த இசை சந்தையில் கிட்டார்களோடு கிடக்க வேண்டியதுதான்.

ஒமாருக்கே இதில் ஒட்டிக்கொள்ள விருப்பமில்லை. "நான் ஜோலா இனத்துக்காரன். எனக்கு நெல்லும் பனங்கள்ளும் தெரியும். உங்க மான்டிங்கா தாத்தனுங்க சண்டையில என் பெட்டிய ஏன்பா நிறுத்துற? இந்த ஒரு தடவை நான் வரல, விடு" என்றான்.

"தப்பு என்னுது" என்றான் யாங்குபா. "உன் பெட்டி எந்த மானேயையும் மறக்கல. அதுக்கு ஒரு மானேயையும் தெரியாது. நீ வர்ற, பெட்டியும் வருது."

சிரே கடலைக் குழம்பைக் கிளறியபடி கேட்டுக்கொண்டிருந்தாள். "ஸ்டூடியோவுலயே நான் சொன்னேன்" என்றாள், அன்றைக்கு எத்தனையாவது தடவையோ. பிறகு, "எந்த சுருதியில ஆரம்பிக்கறேன்னு மட்டும் இப்பவே சொல்லிடு, சூசோ. அங்க வந்து முழிக்க முடியாது" என்றாள். அவள் வருகிறாள் என்பதை அப்படித்தான் சொல்வாள்.

அதற்குப் பின் யாங்குபா தினமும் கோராவைத் தூக்கிக்கொண்டு துறைக்குப் போனான். மீன் புகை போடும் அடுப்புகளின் ஓரம் உட்கார்ந்து, மெட்டே இல்லாத மனிதருக்கு மெட்டுத் தேடினான். வீரர்களின் மெட்டுகள் பாய்கிறவை. ஒன்றும் பொருந்தவில்லை. திரும்பி வருகிறவன் பாய்வதில்லை. இடது கட்டைவிரலால் தடித்த தந்தியில் ஒரு நடையைப் பிடித்தான். மூன்று எட்டு, ஒரு இழுப்பு, மறுபடி மூன்று எட்டு. வாரம் முழுக்க அதையே உருட்டிக்கொண்டிருந்தான். புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்த மீன்காரி ஒருத்தி பொறுக்க மாட்டாமல் கேட்டாள்.

"ஏன்பா ஜாலி, உன் குதிரைக்கு என்ன, நொண்டியா?"

குதிரை என்று அவளிடம் அவன் சொல்லவே இல்லை. எழுந்து அவளுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தான்.

சடங்கு நாளில் மாலாங்கின் முற்றம் நிறைந்திருந்தது. ஆடு கட்டியிருந்தது. இடித்த அரிசியில் சர்க்கரை சேர்த்துப் பிடித்த உருண்டைகள் தட்டுத் தட்டாகச் சுற்றின. ஜாலியை யாரும் அழைப்பதில்லை. அழைக்காமல் வருவது அவன் உரிமை, அவனைத் துரத்தாமல் இருப்பது வீட்டுக்காரனின் மரியாதை. ஆகவே யாங்குபாவும் சிரேயும், பின்னால் கீபோர்டையும் கார் பேட்டரியையும் சுமந்துகொண்டு ஒமாரும் உள்ளே வந்து வாசலோரம் உட்கார்ந்தபோது யாரும் தடுக்கவில்லை. யாரும் திரும்பியும் பார்க்கவில்லை. மாலாங் நாற்காலியை நகர்த்தி முதுகு தெரிய உட்கார்ந்துகொண்டார்.

ஜாலி இல்லாத குறை தெரியாமலிருக்க அவர் ஒரு ஏற்பாடு செய்திருந்தார். பெரிய ஒலிபெருக்கி, அதில் செருகிய பென் டிரைவ், அதில் பழைய காலத்துக் கோரா. பெட்டி பெயரைத் தின்றுவிட்டது என்று ஒரு வாரமாக ஊரெல்லாம் சொன்னவர் வீட்டில் பெட்டி பாடிக்கொண்டிருந்தது. நல்ல பாட்டுதான். பாடப்பட்டது யாரோ சீசே குடும்பத்தின் புகழ். மானே வீட்டு முற்றத்தில் சீசேக்கள் ஒவ்வொருவராகக் கோட்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள். விருந்தினர்கள் முகத்தை உருண்டைத் தட்டுக்குள் வைத்துக்கொண்டார்கள்.

இமாம் வந்தார். முடியிறக்கக் குழந்தையின் தலையில் கத்தி பட்டது. ஆட்டை ஒதுக்குப்புறமாகக் கொண்டுபோனார்கள். இமாம் குனிந்து குழந்தையின் காதில் பெயரை ஓதினார். அதுவரை எல்லாம் ஜாலி இல்லாமலேயே நடந்தது. ஆனால் காதில் சொன்ன பெயரை ஊர் கேட்கக் கூவ வேண்டும். அதை இமாம் செய்வதில்லை. அப்பன் செய்வதில்லை, தாத்தனும் செய்வதில்லை. கூவாத பெயர் இன்னும் வைக்கப்படாத பெயர்.

யாரோ ஒலிபெருக்கியை அணைத்தார்கள். சீசேக்கள் பாதிப் போரில் நின்றார்கள்.

இமாம் மாலாங்கைப் பார்த்தார். மாலாங் ஆடு கட்டியிருந்த வெறும் முளையைப் பார்த்தார். ஒமார் கீபோர்டின் கம்பியைப் பிடுங்கிக்கொண்டு ஓடிவிடலாமா என்று கண்ணாலேயே கேட்டான். யாங்குபா நகரவில்லை. இரும்புத் திருகாணியை அரைச் சுற்று முறுக்கிச் சுருதியைச் சரிபார்த்தான்.

கடைசியில் மாலாங் திரும்பாமலே, "வாசல்ல ஒருத்தன் உக்காந்திருக்கான், அவன்கிட்ட சொல்லுங்க" என்றார்.

இமாம் நடந்து வந்து யாங்குபாவின் காதில் பெயரைச் சொன்னார்.

சார்ஜோ.

எந்தப் பதிவுக்கூடத்துக்காரனும் வெட்ட முடியாத இடத்தில் மாலாங் அந்தப் பெயரைக் கொண்டுபோய் வைத்திருந்தார். யாங்குபா ஒமாரிடம் தலையை ஆட்டினான். கீபோர்டு ஆற்றின் மறுகரை மாதிரி ஒரே சுரத்தில் நீண்டு படுத்துக்கொண்டது. யாங்குபா எழுந்து பெயரைக் கூவினான். சார்ஜோ மானே. தெருவில் போனவர்கள் நின்றார்கள். சிரே முதல் மானேயிலிருந்து எடுத்தாள். கோட்டை பிடித்தவர்கள் தத்தம் மெட்டுகளில் பாய்ந்து வந்தார்கள், விழுந்தார்கள். கடைசி ஆள் விழுந்ததும் வழக்கமாக எல்லாரும் அவசரமாகத் தாண்டும் இடம் வந்தது. அங்கே கோரா நின்றது. தடித்த தந்தியில் நொண்டிக் குதிரை ஒன்று நடக்க ஆரம்பித்தது. மூன்று எட்டு, ஒரு இழுப்பு. யாங்குபா அதை அவசரப்படுத்தவில்லை. அது ஆற்றைக் கடந்து, வயலைக் கடந்து, நிதானமாக வீடு வந்து சேர்ந்தது. அதன் பிறகே சிரே மாலாங்கின் தாத்தாவைப் பிறக்கவிட்டாள்.

பாட்டு முடிந்தபோது மாலாங்கின் நாற்காலி எப்போதோ திரும்பியிருந்தது.

"நடுவுல வந்தது எந்தக் காலத்துப் பாட்டு?" என்று கேட்டார். "எங்கப்பா காலத்துல நான் கேட்டதில்லையே."

"போன வாரத்துது" என்றான் யாங்குபா. "அவருக்கு யாரும் பாட்டுக் கட்டல. அதனால நான் கெடுக்கறதுக்கும் அங்க ஒண்ணும் இல்ல."

மாலாங் கீபோர்டைப் பார்த்தார். அதற்கு அவர் எந்த மன்னிப்பும் வழங்கவில்லை. உருண்டைத் தட்டு ஒன்றை எடுத்து ஒமாரின் முன்னால் வைத்தார். பிறகு, "சூசோ" என்றார்.

"மானே" என்றான் யாங்குபா.

"சூசோ."

"மானே."

சில முறை அப்படியே போயிற்று. ஒரு வாரப் பாக்கி இருந்தது.

புதிய பாட்டையும் பதிவு செய்தார்கள். பதிவுக்கூடத்துக்காரன் நாலு நிமிஷம் என்றான். யாங்குபா இந்தத் தடவை முடியாது என்றான். உன் இஷ்டம், ரேடியோக்காரன் வெட்டுவான் என்றான் அவன். ரேடியோக்காரன் வெட்டினான். பெயர்கள் முறைப்படி முதல் மானேயிலிருந்து வருகிறவை. குதிரையும் தன் வேகத்துக்குத்தான் நடந்தது. ஆகவே செய்தி வாசிப்பதற்காகப் பாட்டு நின்ற இடத்தில், வம்சாவளி மாலாங்கின் அப்பா வரைக்கும் வந்திருந்தது. அடுத்த பெயர் மட்டும் மிச்சம்.

அன்று சாயங்காலம் மாலாங் மானே வெள்ளை அங்கியும் தொப்பியும் போட்டுக்கொண்டு, யாங்குபாவையும் கூட்டிக்கொண்டு ரேடியோ நிலையத்துக்கே போனார். கீபோர்டு போட்ட பாட்டை முழுசாகப் போடாதது எப்பேர்ப்பட்ட மரபு மீறல் என்று அந்தப் பையன்களுக்கு விளக்கினார். செய்தி நேரம் என்று அவர்கள் முனகினார்கள்.

"செய்தி காத்திருக்கட்டும்" என்றார் மாலாங்.

யாங்குபா வராந்தாவில் உட்கார்ந்து திருகாணிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தான். ஒரு நொடிகூடக் குறைக்க முடியாது என்பதை அவர்கள் வந்து கேட்டால் சொல்லலாம் என்று இருந்தான். அவனை யாரும் கேட்கவில்லை. உள்ளே அவன் சொல்ல வேண்டியதை எல்லாம் மாலாங் மானே அவனைவிடச் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.