கூந்தல்பனையின் கடைசிக் குலை

முப்பது வருடமாகப் பொள்ளாச்சியில் தென்னந்தோப்பு வைத்திருக்கிறேன். அந்தத் திமிரோடுதான் காட்டுப் பனைகளைப் பார்க்க ஆனைமலைக்குப் போகும் குழுவில் சேர்ந்தேன். வழிகாட்டியாக வந்தவள் மலையடிவாரத்துப் பெண். என் மகள் வயதுதான் இருக்கும்.

ஓடையோரம் ஒரு கூந்தல்பனை நின்றது. உச்சி மட்டைகள் காய்ந்துவிட்டன. கீழே மட்டும் ஒரு குலை, ஆள் உயரத்துக்குச் சடை சடையாகத் தொங்கியது.

"இது வாடல் நோயுங்க. பரவறதுக்குள்ள வெட்டிப்போடோணும். என் தோப்பு வாய்க்கால் ஓரத்துல நின்ன இதே மாதிரி மரத்தைப் போன மாசம் வெட்டிப்போட்டேன்" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன்.

அவள் மற்றவர்களை முன்னே நடக்கவிட்டு, என் அருகில் வந்தாள்.

"ஏனுங்கய்யா, இது நோயில்லீங்க. முதல் குலை உச்சியில வரும். அப்புறம் வருசா வருசம் ஒவ்வொண்ணாக் கீழ எறங்குமுங்க. கடைசிக் குலை பழுத்ததும் மரம் பட்டுப்போயிரும்."

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. "தெரியாமப் பண்ணிப்போட்டேன் அம்மணி" என்றேன்.

"நீங்க வெட்டுன மரத்துலயும் மேல் குலைப் பழமெல்லாம் முன்னமே உதிர்ந்திருக்குமுங்க. போய்ப் பாருங்க" என்று எதிரே நின்ற பனையின் அடியைக் காட்டினாள். மீன்வால் போல இலை விரித்த கன்றுகள் அங்கே நின்றன.

ஊர் திரும்பியதும் நேராக வாய்க்காலுக்குப் போனேன். வெட்டிய அடிமரத்தைச் சுற்றி ஏழெட்டு மீன்வால்கள். களை என்று நினைத்து, மறுநாள் மருந்தடிக்க ஆள் சொல்லியிருந்தேன். உடனே போன் செய்து வர வேண்டாம் என்றேன்.

கன்றுகள் வளர்ந்துவிடும். எல்லோர் முன்னாலும் என்னைத் திருத்தாமல் விட்டாளே, அந்தப் பக்குவம் எனக்குள் முளைக்கத்தான் இன்னும் நாளாகும்.